நேற்று வரை ஓடிக்கொண்டிருந்தது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பழைய லேப்டாப்பில் ஆறு வருடமாக லினக்ஸ்தான். சென்ற மாத அப்டேட்டில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியது. அதிலிருந்து மூடி வைத்துத் திறந்தால் வைஃபை வருவதில்லை. பழைய கெர்னலில் பூட் செய்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இதை டெவலப்பர்களுக்கு எழுது என்கிறார் நண்பர். நான் கணக்கு எழுதுபவன். புரோகிராமிங் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு நல்ல மாற்றத்துக்காக என்னைப் போல நாலு பேரின் பழைய மெஷின் படுத்துக்கொண்டால், அது நியாயம்தானே?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

நியாயமில்லை. லினக்ஸ் கெர்னலில் அதற்கு விதியே இருக்கிறது. முன்பிருந்தே ஓடாத ஒன்று இப்போதும் ஓடவில்லை என்றால் அது சாதாரண பக், வரிசையில் காத்திருக்கலாம். ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோனால் அதன் பெயர் ரிக்ரஷன். அதற்குக் காரணமான மாற்றத்தைச் செய்தவர் உடனே சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அந்த மாற்றத்தையே எடுத்துவிடுவார்கள்.

நல்ல மாற்றமாக இருந்தாலுமா என்றுதானே கேட்கிறீர்கள்? 2019இல் 5.3 கெர்னலின்போது நடந்தது இது. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு மாற்றம் செய்தார்கள். ஒவ்வொரு கோப்பின் விவரமும் இருக்கும் ஐனோட் அட்டவணையைப் படிக்கையில், சிறு சிறு வேண்டுகோள்களைக் கொத்தாகச் சேர்த்து டிஸ்க்குக்கு அனுப்புவது. டிஸ்க்குக்கு வேலை குறைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத கோட். ஆனால் ஒருவருடைய மெஷின் பூட் ஆகும்போதே நின்றுவிட்டது. கெர்னல் ரேண்டம் எண்களை உருவாக்க, வேலை முடிந்தது என்று டிஸ்க் அனுப்பும் இன்டரப்ட் என்ற குறிப்பு போன்றவை எந்தெந்த நேரத்தில் வருகின்றன என்ற தாறுமாறைச் சேகரித்து வைக்கும். டிஸ்க் வேலை குறைந்ததும் அந்தச் சேகரிப்பு போதவில்லை. பூட்டின் ஆரம்பத்திலேயே ரேண்டம் எண் கேட்ட ஒரு புரோகிராம் காத்துக்கொண்டே இருந்தது, அதற்குப் பின்னால் எல்லாமே காத்திருந்தன.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடைசி நேரத்தில் அந்த எக்ஸ்ட்4 மாற்றத்தை எடுத்துவிட்டுத்தான் 5.3ஐ வெளியிட்டார். சேகரிப்பு போதாதபோது சிபியு வேலை செய்யும் நேரத்தின் சிறு ஏற்ற இறக்கத்திலிருந்து கெர்னலே அந்தத் தாறுமாறை எடுத்துக்கொள்ளும் வழி 5.4இல் வந்தது. அதற்குப் பிறகு எக்ஸ்ட்4 மாற்றமும் திரும்பி வந்தது. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்டேட் செய்தால் ஏதாவது கெடும் என்ற பயம் வந்துவிட்டால் மக்கள் அப்டேட் செய்வதை நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அவர்களைச் சேராது.

சரி, உங்களிடம் என்ன இருக்கிறது? அந்த மெஷின் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் லேப்டாப்பிலும் ஒரு அப்டேட்டுக்குப் பின் வெளித்திரை வராமல் போனது. ஒரு கெர்னல் வெளியீட்டில் 13,000, 14,000 மாற்றங்கள் சாதாரணம். அதில் எது என்று எப்படித் தேடுவது? கோடில் செய்த மாற்றங்களை எல்லாம் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என்று இரண்டு முனைகளைச் சொன்னால் நடுவிலிருந்து ஒரு கெர்னலைத் தரும். கம்பைல் செய்து, பூட் செய்து, ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடும், 14 முறைக்குள் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கும். எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மூன்றே வரி மாற்றம். அதை எழுதியவருக்குத் தெரிவித்தேன், மறுநாளே சோதித்துப் பார்க்க ஒரு பேட்ச், அதாவது திருத்தம், அனுப்பினார். அவரிடம் என் மாடல் லேப்டாப் கிடையாது. நான் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ரிக்ரஷன்களைப் பட்டியலிட்டு வந்த அட்ரியன் புங்க், தெரிந்த குறைகளோடு 2.6.21 வெளியானதால் 2007இல் அந்த வேலையை விட்டார். இப்போது தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் அதைப் பார்க்கிறார். 2021 முதல் அவர் எழுதிய ரெக்ஸ்பாட் என்ற கருவி, வந்த புகார்களுக்குப் பதில் போயிற்றா என்று கவனிக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்காத புகார்கள் இன்னும் உண்டு. அதற்காக எழுதாமல் இருக்காதீர்கள்.

பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள். தேவையற்றதை நீக்கும் கட்டளை அதையும் கொண்டுபோய்விடலாம். இரண்டு கெர்னல்களின் எண்களையும் குறித்துக்கொண்டு, இரண்டிலும் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸெக் கட்டளையின் வெளியீட்டைச் சேமியுங்கள். தனியார் டிரைவர் ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அப்புறம், உங்கள் விநியோகத்தின் (உபுண்டு, டெபியன் போன்றவை) பேட்ச்கள் சேராத மூலக் கெர்னலிலும் இதே கோளாறு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் புகார் உங்கள் விநியோகத்துக்குப் போக வேண்டியது. வருகிறது என்றால் வைஃபை டிரைவரின் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள், தலைப்பில் ரிக்ரஷன் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். பைசெக்ட் செய்யாமலும் எழுதலாம், செய்திருந்தால் வேகமாக நடக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், இந்த வாரத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன்.