பெரியவருக்குத் தெரியக் கூடாதா?

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஐரோப்பிய பையருக்கு 40,000 குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். டையிங்கில் ஷேடு மாறி, துணி திரும்பப் போனதில் இரண்டு வாரம் போய்விட்டது. ஷிப்மென்ட்டுக்கு இன்னும் 18 நாள்தான். 11,000 பீஸ்தான் பேக்கிங் ஆகியிருக்கிறது. 30 டெய்லர்களைக் கூடுதலாகப் போட்டு நைட் ஷிஃப்ட் ஓட்டலாமா, நஷ்டமானாலும் மொத்தத்தையும் ஏரில், அதாவது விமானத்தில், அனுப்பிவிடலாமா? டெய்லராக இருந்து முன்னுக்கு வந்த அப்பாவுக்கு பைபாஸ் ஆகி எட்டு மாதம். டாக்டர் சரி என்றதால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் கம்பெனிக்கு வந்து போகிறார். அவர் கேட்டால் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல்லும்படி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குத் தூக்கமே இல்லை.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, ஷேடு மாறுவதும் துணி லேட்டாவதும் உங்கள் ஊரில் புதிதா என்ன? கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அப்பா கேட்டால் நல்லதை மட்டும் சொல்லச் சொன்னேன் என்று, உங்கள் ஆர்டர் கெட்டது அங்கேதான்.

பெரியவரிடம் பொய் சொல்லலாம் என்று சூப்பர்வைசருக்கு நீங்களே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். அப்புறம் உங்களிடம் மட்டும் அவர் உள்ளதை உள்ளபடி சொல்வார் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறீர்கள்? ஷேடு மாறிய விஷயம் உங்கள் காதுக்கு எப்போது வந்தது? முதல் ரோல் வந்து இறங்கிய அன்றைக்கா, கட்டிங் டேபிளில் விரித்த பிறகா? பையர் அப்ரூவல் கொடுத்த சாம்பிள் துணியோடு வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா என்று விசாரியுங்கள்.

அப்பாவின் இதயத்துக்காக மறைக்கிறேன் என்கிறீர்கள். நான் நம்பவில்லை. அவர் முன்னால் தலைகுனிந்து நிற்க உங்களுக்குக் கூச்சம், அதற்கு அவர் ஆபரேஷன் ஒரு சாக்கு. டெய்லராக இருந்தவருக்கு செக்கிங் டேபிளில் குவிந்து கிடப்பதைப் பார்த்தால் புரியாதா? பையன் மனசு நோகக் கூடாது என்று அவரும் பேசாமல் வீட்டுக்குப் போகிறாரோ என்னவோ. கஷ்டத்தைப் பெற்றவர்களிடம் மறைப்பதுதான் மரியாதை என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. தொழிலைக் கையில் கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்வது பிள்ளையின் கடமை, நல்ல கணக்கானாலும் கெட்ட கணக்கானாலும்.

சரி, ஆர்டருக்கு வருவோம். பேக்கிங் 11,000 என்கிறீர்கள். வெட்டியது எத்தனை, பிரிண்டிங்குக்கு வெளியே போனது எத்தனை, தைத்தது எத்தனை, செக்கிங்கில் நிற்பது எத்தனை? கடிதத்தில் ஒன்றையும் காணோம். யாரோ சொல்லும் எண்ணை வாங்காதீர்கள். நீங்களே நின்று பண்டிலைப் பிரித்து, சைஸ் வாரியாக எண்ணுங்கள். ரேஷியோ பேக்கிங், அதாவது ஒரே பெட்டியில் எல்லா சைஸும் சொன்ன விகிதத்தில், என்றால் ஒரு சைஸ் குறைந்தாலும் பெட்டியை மூட முடியாது. அந்த ஒரு சைஸுக்காகத் தைத்த பீஸ் ஆயிரக்கணக்கில் காத்துக் கிடக்கும். அந்த நிலைமையில் 30 டெய்லர்கள் வந்து குவியலைத்தான் உயர்த்துவார்கள். மாட்டியிருப்பது செக்கிங்கில் என்றால் செக்கிங்குக்கு ஆள் போடுங்கள்.

இன்னொன்று. எத்தனை குறை வரை பொறுத்துக்கொள்வது என்பதற்கான அளவுகோலான ஏக்யூஎல் 2.5 என்று வைத்துக்கொண்டால், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வழக்கமாக 40,000 பீஸில் 500 எடுத்துப் பார்ப்பார்கள். மேஜர் குறை 21 வரை பாஸ், 22 ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். உங்கள் ஸ்டைலைத் தொட்டே பார்க்காத ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு வைக்கும் கழுத்து ரிப்பில் அந்த 22 சுலபமாகத் தேறிவிடும்.

பையரிடம் சொன்னதாகவும் எங்கேயும் எழுதவில்லை. சொல்லவில்லை, அப்படித்தானே? வீட்டில் இருக்கும் அதே பழக்கம். 18 நாள் இருக்கும்போது சொன்னால் அவர்களும் கடைக்குப் போகும் தேதியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பார்கள். மூன்று நாள் இருக்கும்போது சொன்னால் டிஸ்கவுண்ட் கேட்பார்கள், இல்லையென்றால் கேன்சல். இத்தனை பீஸ் குறித்த தேதியில் கப்பலில், மீதி இன்ன தேதியில் என்று எழுதுங்கள். மொத்தத்தையும் ஏரில் அனுப்பினால் டி-ஷர்ட் லாபம் தாங்காது. பையருக்கு அவசரமாக வேண்டிய பீஸை மட்டும் ஏரில் அனுப்பலாம். பையரின் பேங்க் பணத்துக்கு உறுதி தரும் எல்.சி. ஆர்டர் என்றால், பிரித்து அனுப்பும் பார்ஷியல் ஷிப்மென்ட்டுக்குத் தடை இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கடைசித் தேதியை நீட்ட பையரின் பேங்கிலிருந்து திருத்தம் வர வேண்டும். அது வராமல் தேதி தாண்டி ஏற்றினால் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை, டிஸ்கிரபன்ஸி என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் மெயில் அனுப்புவதற்கு முன்னால், எண்ணி எழுதிய தாளை அப்பாவிடம் கொடுங்கள். எந்த ஜாப் ஒர்க் யூனிட்டை நம்பி ஐயாயிரம் பீஸ் கொடுக்கலாம், யார் சொன்ன தேதிக்குத் தருவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சூப்பர்வைசரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கெட்ட செய்தி சொல்வதை அவர் காதால் கேட்க வேண்டும்.