சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நாள்: காட்பாடி வாசகரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் பெற்றோருடன், சென்னையிலிருந்து இலங்கை சென்று திரும்பும் சொகுசுக் கப்பலில் பயணம் செய்ய எண்ணியுள்ளோம். சென்னையில் கப்பல் பயணியருக்குத் தனி முனையம் உண்டா? அது எப்போது வந்தது? விமான நிலையத்தைப் போல நேராக வாசலில் போய் இறங்க முடியுமா? எவ்வளவு நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும்?

பதில்: முனையம் உண்டு. ஆனால் அது இரவும் பகலும் சரக்கு ஏறி இறங்கும் ஒரு துறைமுகத்தின் மதிலுக்குள் இருக்கிறது. விமான நிலையத்துக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே. உங்களுடைய மற்றக் கேள்விகளுக்கான விடைகளும் இதிலிருந்தே பிறப்பதால், இந்த அமைப்பு எப்படி உருவானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் சரக்கும் மசூலா படகுகளில் அலையைக் கடந்து கரை சேர வேண்டியிருந்தது. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அந்தப் படகுகள் அலையின் மோதலுக்கு வளைந்து கொடுத்தன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் நம் வாலாஜா ரோடுக்கும் இடையே ஓடத் தொடங்கியது; அதாவது, ஆற்காட்டுப் பகுதிக்காரர் ஒருவர் கடற்கரைக்கு அருகே வரை ரயிலிலேயே போய்விட முடிந்த காலத்திலும், அங்கிருந்து கப்பலேற மசூலா படகைத்தான் நம்பியிருந்தார். 1861-இல் கட்டப்பட்ட இறங்குபாலம் 1868, 1872 ஆண்டுப் புயல்களில் பயனற்றுப் போனது. கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பி அமைத்த செயற்கைத் துறைமுகம் 1881-இல் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டின் புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. 1904 முதல் 1919 வரை துறைமுக நிர்வாகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு நோக்கியிருந்த நுழைவாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்த பிறகே கப்பல்கள் உள்ளே ஓரளவு அமைதியாக நிற்க முடிந்தது.

இந்த வரலாற்றில் நம் மாவட்டத்துக்கு ஒரு துயரமான பங்கும் உண்டு. பிஜித் தீவுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களில் வட ஆற்காட்டார் பெருந்தொகையினர். அவர்கள் கப்பலேறியது சென்னையில்தான். சென்னையின் கப்பல் பயண வரலாற்றைப் பேசும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது என்று உறுதியாக எண்ணுகிறேன். பின்னர், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ரஜூலா கப்பல் ஓடியது. அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் கடலில் தீப்பற்றியதோடு அந்தச் சேவை முடிந்தது. விமானம் ஏற்கெனவே பயணியரை ஈர்த்துக்கொண்டிருந்ததால், அதை மீட்க யாரும் முன்வரவில்லை. அதன் பிறகு சென்னையில் எஞ்சியிருந்த வழக்கமான பயணியர் கப்பல் என்றால் அந்தமான் கப்பல்தான்.

சொகுசுக் கப்பல் என்பது வேறு வகை. அது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டு சேர்ப்பதில்லை. சுற்றிக் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுகிறது. முந்தைய பயணிகள் காலையில் இறங்க, அடுத்தவர்கள் அன்றே ஏறுவதால், ஆயிரக்கணக்கானவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஒரே நாளில் சோதித்து அனுப்பும் கூடம் தேவைப்படுகிறது. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதிகள் 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் இத்தேவை கட்டாயமாகிவிட்டது. சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பலின் பயணம் 2022 ஜூன் மாதம் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கான பயணம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியபோது, சென்னையில் 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த பன்னாட்டு முனையமும் திறக்கப்பட்டது. கொச்சி 2021-இலும் விசாகப்பட்டினம் 2023-இலும் தத்தம் முனையங்களைப் பெற்றன. பல நூறு கோடி ரூபாயில் எழுந்த மும்பை முனையத்தோடு ஒப்பிட்டால் சென்னையுடையது சிறியது. ஆண்டு முழுவதும் கப்பல் இல்லாததே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் மும்பையிலிருந்து ஓடும் எம்பிரஸ் கப்பல் கிழக்கே வருகிறது. எனவே தேதியை உறுதி செய்த பிறகே விடுப்புக்கு எழுதுங்கள்.

இனி, ஏறும் நாள். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். வேலூர் கன்டோன்மென்ட் வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையத்துக்குக் காலையில் போகும் ரயில், துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையிலேயே இறக்கிவிடும். பெட்டிகள் குறைவாக இருந்தால் அதுவே எளிது. காரில் செல்வதானால் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலுக்காகத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். துறைமுகத்துக்கு வாயில்கள் பல. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பொருள்கள் உட்படச் சரக்கு ஏற்றி வரும் லாரிகளுக்கான வாயிலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். உங்கள் பயணச் சீட்டில் குறிப்பிட்டுள்ள வாயில் எண்ணை ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளி வண்டிகள் எதுவரை அனுமதிக்கப்படும் என்பதையும், அங்கிருந்து முனையத்துக்குப் பேருந்தும் சக்கர நாற்காலியும் கிடைக்குமா என்பதையும் பெற்றோருக்காகக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்.

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட பதிவு நேரத்துக்கு அரை மணி முன்னதாக வாயிலில் இருப்பது நல்லது. கப்பல் மாலையில்தானே புறப்படுகிறது என்று தாமதிக்க வேண்டாம். பயணியர் பட்டியலை இறுதி செய்து குடியேற்றப் பிரிவுக்குத் தர வேண்டும். புறப்படும் முன்போ புறப்பட்டவுடனோ உயிர்காப்புப் பயிற்சியில் எல்லாப் பயணிகளும் கலந்துகொள்ள வேண்டும். வழிகாட்டி மாலுமியும் இழுவைப் படகுகளும் குறித்த நேரத்தில் வந்துவிடும். இவற்றை ஒருவருக்காகத் தள்ளிப்போட முடியாது.

உள்நாட்டுச் சுற்றுக்கு ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். இலங்கைக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் மூவரிடமும் இருக்க வேண்டும். வேலூரிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால், புதுப்பிக்க வேண்டுமானால் இப்போதே விண்ணப்பியுங்கள். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுபவை. அதை முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய பெட்டிகளை முனையத்தில் வாங்கிக்கொண்டு பின்னர் கேபினில் சேர்ப்பார்கள் என்பதால், மருந்துகளையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வைத்திருங்கள். கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாத துறைமுகங்களில் சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டிவரும். முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கு அது கடினம். எந்தெந்த ஊரில் அப்படி என்று முன்பே தெரிந்துகொண்டால், அன்று அவர்கள் கப்பலிலேயே தங்கிவிடலாம்.

திரும்பும் நாளில் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிந்து, பெட்டிகள் கைக்கு வந்து, வாயிலைத் தாண்டப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், காட்பாடிக்குப் பிற்பகல் ரயிலில் முன்பதிவு செய்யுங்கள்.