மோர் டம்ளரை மகள் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: கல்யாணமாகி 17 வருஷம். கணவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல தொழில்காரர், என் மேல் கை நீட்டியதில்லை. ஆனால் எட்டு வருஷமாக தினமும் ராத்திரி குடி. குவார்ட்டரில் ஆரம்பித்தது இப்போது ஆஃப் ஆகிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் "நான் என்ன குடிகாரனா?" என்கிறார். சுகர், பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். என் தம்பி, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் குடியை நிறுத்தும் மாத்திரை (டைசல்ஃபிரம்) வாங்கித் தந்தான். பத்து நாளாக அரை மாத்திரை மோரில் கலக்கிறோம். நான் கொடுத்தால் மோந்து பார்ப்பார். பத்தாவது படிக்கும் மகள் கொடுத்தால் ஒன்றும் கேட்காமல் குடித்துவிடுவார் என்பதால் அவள்தான் பொடி செய்து கலந்து தருகிறாள். மாமியாருக்கும் தெரியும். "எம்புள்ளகிட்ட சொல்லிடாதே" என்கிறார். போன வாரம் குடித்துவிட்டு வந்தவருக்கு முகமெல்லாம் சிவந்து, படபடப்பாகி, ராத்திரி முழுக்க வாந்தி. "சரக்கு சரியில்லை" என்று இப்போது பிராண்டை மாற்றிவிட்டார். முழு மாத்திரையாகக் கொடுக்கலாமா? அவருக்குத் தெரியாமல் கொடுக்க இதைவிட நல்ல மருந்து உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு மருந்தும் இல்லை. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் முடிந்தது. இனி நீங்கள் கேட்காததைப் பேசுவோம்.

இந்த மாத்திரையைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை. சாம்பாரில் கலக்கும் மாமியார், இட்லி மாவில் கலக்கும் அக்கா, டீயில் கலக்கும் மனைவி என்று எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. உங்கள் கடிதத்தையும் அந்தக் கடிதக் கட்டோடு சேர்த்திருப்பேன். நடுவில் ஒரு வரி நிறுத்திவிட்டது. மகள் கொடுத்தால் ஒன்றும் கேட்காமல் குடித்துவிடுவார், அதனால் அவள்தான் கலக்கிறாள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மாமியாருக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கிருந்து நகர முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன வயது? பதினைந்து இருக்குமா? அப்பா குடிக்கும் மோரில் அவருக்குத் தெரியாமல் ஒன்றைக் கலந்து, முகத்தில் காட்டிக்கொள்ளாமல் நீட்டி, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள். போன வாரம் அவர் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தபோது அவள் எங்கே இருந்தாள்? தூங்கியிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, நாம் கொடுத்ததால்தானே என்று நினைத்திருப்பாள். மறுநாள் காலை பரீட்சைக்கும் போயிருப்பாள். அவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் இருப்பது, பத்தாவது படிக்கிறாள், மோர் கொடுக்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது மாத்திரை. அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று உங்கள் தம்பியும் சொல்லவில்லை, சீட்டில்லாமல் விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை. குடித்த சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசெட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும், அப்புறம் அந்த நச்சை உடைத்து வெளியேற்றும். உடைக்கிற அந்த வேலையை டைசல்ஃபிரம் தடுத்துவிடுகிறது. நச்சு உடம்பிலேயே தேங்கி முகம் சிவக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வாந்தி வருகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. நீங்கள் பார்த்தது அதைத்தான். அளவு கூடினால், அல்லது இதயம் ஏற்கெனவே பழுதாக இருந்தால், மாரடைப்பு வரலாம், உயிரே போகலாம். சுகரும் பிரஷரும் இருக்கிற மனிதர் என்று நீங்களே எழுதுகிறீர்கள். டாக்டர் கொடுப்பதாக இருந்தால் முதலில் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்வார், ஈசிஜி பார்ப்பார், கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பார். உங்கள் வீட்டில் இதில் எது நடந்தது?

இது யாரும் குடியை நிறுத்தவென்று தேடிக் கண்டுபிடித்த மருந்து இல்லை. ரப்பரைப் பதப்படுத்தப் பயன்படும் ஒரு வகை ரசாயனம். அதோடு புழங்கிய அமெரிக்க ஆலைத் தொழிலாளிகளுக்குக் குடி ஒத்துக்கொள்ளவில்லை என்று 1937லேயே ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். பத்து வருஷம் கழித்து டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இருவர் இதைக் குடல் புழு மருந்தாக ஆராயும்போது தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அப்புறம் கொஞ்சம் குடித்தபோது படாதபாடு பட்டார்கள். விஷயம் 1948ல் மருத்துவ உலகத்துக்குத் தெரியவந்தது. அவர்களால் புள்ளிகளைச் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், தாங்கள் எதை விழுங்கினோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் கணவருக்குத் தெரியாது. அதனால் அவர் என்ன கற்றுக்கொண்டார்? சரக்கு சரியில்லை, பிராண்டை மாற்று. குடி எனக்கு ஆகாது என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாரா?

இதை ஆராய்ச்சியும் சொல்லிவிட்டது. இந்த மருந்தைப் பற்றி உலகம் முழுக்க நடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை 2014ல் சேர்த்துப் பார்த்தார்கள். உண்மை மாத்திரை யாருக்கு, டம்மி யாருக்கு என்று மறைத்துச் செய்த ஆய்வுகளில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. பயம் இரண்டு பக்கமும் இருந்ததுதான் காரணம். மறைக்காமல், இதுதான் மருந்து என்று சொல்லிக் கொடுத்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. அதாவது, 'என் உடம்பில் இது இருக்கிறது, இன்றைக்குத் தொட்டால் செத்தேன்' என்று குடிப்பவருக்குத் தெரிந்திருப்பதுதான் இந்த மருந்தில் பெரும்பங்கு. நீங்கள் அந்தப் பங்கை எடுத்துவிட்டு, ஆபத்தை மட்டும் மோரில் கலக்கிறீர்கள்.

மும்பையில் 100 ஆண்களை வைத்து ஒரு வருஷம் ஓர் ஆய்வு நடத்தி 2004ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு டைசல்ஃபிரம், மறுபாதிக்கு நால்ட்ரெக்சோன் என்ற வேறு மருந்து. எல்லோருமே வீட்டில் ஒருவர் கூட வந்து, மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்ட ஆட்கள். வருஷ முடிவில் டைசல்ஃபிரம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், மற்றவர்களில் 44 சதவீதம். குடிக்கிற ஆசை என்னவோ நால்ட்ரெக்சோன் எடுத்தவர்களுக்குத்தான் குறைந்திருந்தது. எதை யாருக்குக் கொடுப்பது என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும், தம்பி இல்லை. நான் இதைச் சொல்வது வேறொன்றுக்காக. அந்த வீடுகளிலும் ஒரு பெண் மாத்திரையும் தண்ணீருமாக நின்றிருப்பாள். அவள் கையில் இருப்பது என்னவென்று அவள் கணவனுக்குத் தெரியும், வாங்கிப் போட்டுக்கொள்வான். உங்கள் வீட்டிலும் அப்படி நடக்கலாம். ஆனால் நிற்க வேண்டியது நீங்கள், உங்கள் மகள் இல்லை.

நான் பழைய ஆள், பழைய மாதிரிதான் சொல்வேன். பெற்றவர்கள் சுமையைப் பிள்ளை தலையில் இறக்கக் கூடாது. கணவன் குடிப்பதற்கு மனைவி பொறுப்பில்லை. அதைச் சொல்லி உங்களை யாராவது குத்திக்காட்டினால் என்னிடம் அனுப்புங்கள். ஆனால் மகளை இதில் இழுத்துவிட்டதற்கு நீங்கள்தான் பொறுப்பு, அதிலிருந்து உங்களை நான் விடமாட்டேன். உங்கள் கையை மோந்து பார்க்கிற மனிதர் அவள் கையிலிருந்து அப்படியே வாங்கிக் குடிக்கிறார். வீட்டில் அவர் நம்புகிற கை அது ஒன்றுதான். நாளைக்கு விஷயம் வெளியே வந்தால் அவர் யாரைப் பார்த்து, "நீயுமா?" என்பார்? வெளியே வராமல் ஒரு நாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால், அந்தப் பெண் ஆயுசுக்கும் எதைச் சுமப்பாள்?

உங்கள் தம்பிக்கும் ஒரு வார்த்தை. மெடிக்கல் ஷாப்புக்குப் போகத் தெரிந்தவருக்கு அத்தான் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத் தெரியவில்லை. மாமியார் சங்கதி எல்லா வீட்டிலும் இருப்பதுதான். பிள்ளை குடித்தாலும் பரவாயில்லை, 'குடிகாரன்' என்ற பேர் வந்துவிடக் கூடாது. 2019ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்த நாட்டில் குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையை எட்டிப் பார்த்திருக்கிறார். மற்ற 37 பேர் வீட்டிலும் ஒரு "சொல்லிடாதே" இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது?

இன்றோடு கலப்பதை நிறுத்துங்கள். நிறுத்தினாலும் கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் வரை மருந்து உடம்பில் வேலை செய்யும். அதற்குள் குடித்தால் திரும்பவும் அதே கதைதான். இருமல் சிரப், அரிஷ்டம், ஆசவம்கூட அந்த நாட்களில் ஆகாது. ஆகவே அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நாளைக் காலையில், பட்டறைக்குக் கிளம்பும் முன், தெளிவாக இருக்கும்போது சொல்லுங்கள். அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய அண்ணனோ சித்தப்பாவோ. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு. "நான்தான் செய்யச் சொன்னேன், அவள் மேல் தப்பில்லை" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். கத்துவார். கத்தட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. கை ஓங்கினால் மட்டும் பொறுக்காதீர்கள், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். அதையும் மீறிக் குடித்து மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.

கோபத்தில் "இன்றோடு விட்டேன்" என்று அவர் ஒரேயடியாக நிறுத்தினாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எட்டு வருஷக் குடியைச் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு இரண்டு நாளைக்குள் வலிப்பு வரும், மூன்றாம் நாள் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அறையில் பூட்டிவைத்துப் பார்க்கிற விஷயமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.

அவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் போங்கள். இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், சிகிச்சைக்கு வர மறுத்தவர்களின் குடும்பத்தார் 130 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 1999ல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு, குடித்திருக்கும்போது வாக்குவாதம் செய்யாதே, குடித்ததால் வந்த சேதத்தை நீ துடைத்து மறைக்காதே, குடிக்காத பொழுதை அவருக்கு இனிமையாக்கு, சரியான நேரம் பார்த்துச் சிகிச்சையைப் பேசு என்று பழக்கினார்கள். அந்தக் குழுவில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்கும் முறையில் 30 சதவீதம்தான். சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர், 1980ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையிலும் நோயாளியோடு நிற்காமல் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். போய்வந்த பெண்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். கணவர் திருந்தினாரோ இல்லையோ, தாங்கள் ராத்திரி தூங்க ஆரம்பித்ததைத்தான் அவர்கள் முதலில் எழுதுவார்கள்.

இன்று சாயங்காலம் மகள் மோர்ப் பாத்திரத்தை எடுக்கும்போது அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். "இனிமே இந்த வேலை உனக்கு வேண்டாம், நான் பார்த்துக்கறேன்." அவ்வளவு போதும். ஏன் என்று கேட்டால் மட்டும் முழுசாகச் சொல்லுங்கள், போன வாரத்து வாந்தி உட்பட. மீதி மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எத்தனை குறைந்திருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்க்கட்டும்.