ரோமில் ஒரு நாள்தான் இருக்கிறது, சர்ச்சுகளைப் பார்ப்பது நேர விரயமா?

உங்களோடு வருபவர் யாரோ "ஒரு சர்ச்சைப் பார்த்தால் எல்லாத்தையும் பார்த்த மாதிரிதான்" என்று சொல்லியிருப்பார். என் மைத்துனரும் அதையேதான் சொன்னார். அவரை ஓட்டலில் தூங்க விட்டுவிட்டு நானும் மனைவியும் கிளம்பிவிட்டோம்.

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தெய் ஃபிரான்சேசி என்றொரு சர்ச். டிக்கெட் கிடையாது. இடது பக்கக் கடைசி மாடத்தில் கரவாஜ்ஜோ என்ற ஓவியர் 1599-க்கும் 1602-க்கும் இடையில் வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன, மூன்றும் வரி வசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான மத்தேயுவைப் பற்றியவை. ஒரே இருட்டு. நான் போனபோது அங்கிருந்த பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்தும்விடும். என்னிடம் இருந்ததோ ஒற்றை ஐம்பது யூரோ நோட்டு. ஒரு வயதான அம்மா காசு போட, அந்த ஓசி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு படத்தில் வலது ஓரத்தில் இயேசு கை நீட்டி மத்தேயுவை அழைக்கிறார், வரி வசூலிக்கிற மேசையின் கடைசியில் ஒரு பையன் தலையைத் தூக்காமல் காசையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் என் கண் போன நேரம் விளக்கு அணைந்தது. கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. காபி குடித்து நோட்டை மாற்றிக்கொண்டு திரும்பினால் கதவு மூடியிருக்கிறது. நம்மூர்க் கோயில் மாதிரி அங்கும் பல சர்ச்சுகளில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். சாயங்காலம் போய் இரண்டு யூரோ போட்டுக் கடனைத் தீர்த்தேன்.

நடுவில் சான்ட் இக்னாசியோ என்ற இன்னொரு சர்ச்சுக்குப் போனோம். அங்கே குவிமாடமே கட்டவில்லை. 1685-ல் அந்திரேயா போட்சோ என்பவர் துணியில் குவிமாடத்தை வரைந்து மேலே பொருத்திவிட்டார். தரையில் பதித்த வட்டத்தில் நின்று பார்த்தால் நிஜம் போலவே இருக்கிறது, தள்ளிப் போகப் போகக் கோணலாகிக் குட்டு வெளிப்பட்டுவிடும். கூரையைக் காட்ட அங்கே வைத்திருக்கிற கண்ணாடி முன் செல்ஃபிக்கு நிற்கிற வரிசையில் சேராதீர்கள், அண்ணாந்து பார்த்தால் போதும். தோளை மூட ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள்.

மதம் மாறிவிட்டாயா என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: திருநீறு பூசாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பார்த்தது படத்தை, சரியா?

இதெல்லாம் செலவே இல்லாத விஷயம். முந்தைய வருடம் அப்பா அம்மாவை "பத்து நாளில் ஏழு நாடு" பேக்கேஜில் அனுப்பி லட்சக்கணக்கில் அழுதேன். தினமும் ஐந்தரை மணிக்கே ஏதோ ஓர் இந்திய ஓட்டலில் இறக்கிப் பன்னீரைப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர் பிடித்தது என்று அப்பாவைக் கேட்டால் பஸ் நம்பரைச் சொல்கிறார்.