விக்டோரியாக் காடுகளில் தங்கம் தேடலாமா? – கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பொழுதுபோக்காகத் தங்கம் தேடுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே டனோலி என்ற ஊர்ப் பக்கத்துக் காடுகளில் மெட்டல் டிடெக்டரோடு பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, மெல்பர்னுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அரசு நிலத்தில் யார் வேண்டுமானாலும் தங்கம் எடுக்கலாமாமே, உண்மையா?

உண்மைதான் தம்பி, கையில் ‘மைனர்ஸ் ரைட்’ இருந்தால். மாநில அரசு தரும் அனுமதிச் சீட்டு அது. இணையத்திலேயே வாங்கலாம், ஏறத்தாழ 30 டாலர், 10 ஆண்டுகள் செல்லும். கிடைக்கும் தங்கம் உங்களுக்கே சொந்தம்.

அந்தச் சீட்டின் பின்னால் ரத்தம் இருக்கிறது. 1850களின் தொடக்கத்தில், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தோண்டுவதற்கான உரிமத்துக்கு அரசிடம் மாதம் 30 ஷில்லிங் கட்ட வேண்டும். கட்டாதவர்களைப் போலீஸ் விரட்டிப் பிடித்தது. பல்லாரட்டில் தோண்டுகிறவர்கள் யூரேகா என்ற இடத்தில் மர அரண் கட்டி எதிர்த்து நின்றார்கள். 1854 டிசம்பர் 3 அதிகாலையில் படை புகுந்தது, பலர் மாண்டார்கள். மறு ஆண்டே அந்த மாதக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுண்டுக்கு மைனர்ஸ் ரைட் வந்தது. காட்டுக்குப் போகும் போதெல்லாம் உங்கள் சீட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

கணவருடைய சீட்டிலேயே நானும் தேடலாமா?

கூடாது அக்கா. தேடுகிற ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு வேண்டும்.

எந்தக் காட்டில் நுழையலாம், எங்கே கூடாது?

மாநிலக் காடுகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. தேசியப் பூங்காக்களில் பொதுவாக அனுமதி இல்லை. கிரேட்டர் பெண்டிகோ போன்ற சிலவற்றில் மட்டும், குறித்துவிட்ட பகுதிகளில் தேடலாம். அரசின் ‘ஜியோவிக்’ வரைபடத்தைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு நிறுவனம் ஆய்வு உரிமம் மட்டும் வைத்திருக்கும் நிலத்தில் நீங்கள் தேடத் தடையில்லை. சுரங்க உரிமம் உள்ள நிலமென்றால் உரிமதாரரின் சம்மதம் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். தனியார் நிலமா? வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். பழங்குடி மக்களின் பாரம்பரிய இடங்களைத் தொடவே கூடாது. அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

மோட்டார் பம்பு வைத்து ஓடையில் அரிக்கலாமா?

கூடாது. மண்வெட்டி, கடப்பாரை, சல்லடை, அரிப்புத் தட்டு, டிடெக்டர் இவ்வளவுதான். எந்திரமும் வெடியும் கிடையாது. சில ஓடைகளில் தட்டுக்கும் தடை உண்டு.

சின்னக் குழிதானே, மூடியே ஆக வேண்டுமா?

மூடியே ஆக வேண்டும். இதில் எனக்குப் பொறுமை இல்லை. டிடெக்டர் ஒலித்த இடத்தில் ஒரு சாண் தோண்டுகிறோம், பெரும்பாலும் துருப்பிடித்த ஆணியோ துப்பாக்கி ரவையோ வரும். ஏமாற்றத்தில் அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தால், அடுத்து வரும் கங்காருவோ நடைப்பயணியோ அதில் காலை விட்டு முறித்துக்கொள்ளும். மண்ணைத் தள்ளி, மிதித்து, சருகைப் பரப்ப ஒரு நிமிடம் போதும். ஆணியையும் ரவையையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கேயே எறிந்தால் அடுத்தவர் அதையே மறுபடி தோண்டுவார். மரத்தையும் செடியையும் வெட்டாதீர்கள். குழிகளும் குப்பையுமாகக் கிடக்கும் காட்டைக் காட்டித்தான், தங்கம் தேடுகிறவர்களை இங்கேயும் விடாதீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

இப்போதும் ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. பலமுறை வெறுங்கையோடும் திரும்புவீர்கள். 1869இல் மொலியாகுல் அருகே ஜான் டீசன், ரிச்சர்டு ஓட்ஸ் இருவரும் எடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ தங்கக் கட்டி, மண்ணுக்குக் கீழே சுமார் 3 சென்டிமீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது. டனோலியின் தராசு அதைத் தாங்காததால் பட்டறைக்கல்லில் வைத்து உடைத்தார்கள். 1980இல் கிங்கோவர் அருகே டிடெக்டரில் சிக்கிய ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோவுக்கும் மேல். நமக்கு அரிசி மணியளவு வந்தாலே நல்ல நாள்.

கூடலூரிலிருந்து எழுதுகிறேன் ஐயா. தேவாலா பக்கம் வெள்ளைக்காரர் காலத்துத் தங்கக் குகைகள் இருக்கின்றன. நாமும் தேடலாமா?

வேண்டாம் தம்பி. இந்தியாவில் இப்படிப் பொழுதுபோக்குச் சீட்டு எதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தேடுவதே குற்றம். காட்டு நிலமென்றால் வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சட்டம் கிடக்கட்டும், நூறு ஆண்டுகளுக்கு மேல் மழையில் ஊறிய குகை அது. உள்ளே மண் சரிந்தால் வெளியே இருப்பவருக்குச் சத்தம்கூடக் கேட்காது. இறங்காதீர்கள்.