எச். பைலோரிக்குச் சீனக் கஷாயம் மட்டும் போதுமா?

வணக்கம். எண்டோஸ்கோபியில் எச். பைலோரி (வயிற்றுப் புண் உண்டாக்கும் கிருமி) வந்திருக்கிறது, 14 நாள் ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகச் சிங்கப்பூரில் உங்கள் வீட்டருகே இருக்கும் சீன வைத்தியரின் கஷாயத்தைக் குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதிலாக வேண்டாம்.

வயிற்று உப்புசத்துக்கு அவர்கள் வழக்கமாகக் கொடுப்பது பான்சியா சியேசின் கஷாயம். சிலருக்கு வயிறு லேசாகும், அது உண்மைதான். ஆனால் வலி குறைந்தால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதில் சேரும் ஹுவாங்லியன் கிழங்கில் பெர்பெரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சீனாவிலேயே அதை ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள்தான் அதிகம். பெர்பெரின் வேறு சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதிமதுரமும் உண்டு, பிரஷர்காரர்களுக்கு ஆகாது. அதனால் சேர்த்துக் குடிப்பதென்றாலும் கஷாயத்தின் மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், ஆன்டிபயாடிக்கோடு பிஸ்மத் மாத்திரையும் கொடுத்திருந்தால் மலம் கறுக்கும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். ஆனால் மலம் தார் போல ஒட்டினாலோ, தலைசுற்றல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க யூரியா மூச்சுப் பரிசோதனை. அதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரையை, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.