வேலை மாறும்போது எது உங்களுடையது, எது கம்பெனியுடையது? கேள்வி பதில்

ஓசூர் சிப்காட்டில் டூல் ரூம், டிசைன் என்று 28 வருடம் ஓட்டியவன் நான், கடைசியில் பேட்டன்ட் ஃபைல்களும் என் தலையில்தான். ஆனால் வக்கீல் இல்லை. வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டவர்கள் என்னிடம் கேட்காமல் நேராக வக்கீலைப் பாருங்கள்.

சூளகிரி தம்பி: ஷிப்ட் முடிந்தபின் வீட்டில் யோசித்த ஜிக் (பாகத்தைப் பிடித்து டூலுக்கு வழிகாட்டும் அமைப்பு) ஐடியா யாருக்குச் சொந்தம் அண்ணா?

முதலில் அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடு தம்பி. வேலையின் பகுதியாக நீ போட்ட டிராயிங், எழுதிய புரோகிராம் எல்லாம் 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியுடையது. கண்டுபிடிப்பு அப்படியில்லை. 1970 பேட்டன்ட் சட்டத்தில் அது தானாகக் கம்பெனிக்குப் போய்விடாது, நீ எழுதிக்கொடுக்க வேண்டும், பெரும்பாலும் அந்த ஆர்டரிலேயே எழுதிக்கொடுத்திருப்பாய். பேட்டன்ட் விண்ணப்பம் போடுவதற்கு முன் வெளியே காட்டாதே. எங்களிடம் ஒரு பயிற்சிப் பையன் புது ஃபிக்சர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். தோளுக்குப் பின்னால் கிளாம்ப் பளிச்சென்று தெரிந்தது. யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு வாரம் கணக்கெடுத்தோம்.

பாலக்கோடு: வேலையை விட்டால் 2 வருடம் இதே தொழிலில் சேரக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

வேலையை விட்டபின் அந்த வரி பொதுவாக நிற்காது, 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவு. ஆனால் ரகசியம் காப்பேன் என்ற வரி நிற்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஓசூர்: நான் போட்ட டிராயிங்கையே பென்டிரைவில் எடுத்துப் போகலாமா?

கூடாது.

பென்னாகரம்: கடைப் பெயரைப் பதிவு செய்ய?

அது டிரேட்மார்க், சென்னை கிண்டியில் அலுவலகம், ஆன்லைனிலும் போடலாம்.

காவேரிப்பட்டணம் அக்கா: மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் 12 வருடம். பெங்களூராவோடு அல்போன்சா எவ்வளவு கலப்பது என்று எனக்கு அத்துப்படி. வேறு இடத்தில் கூப்பிடுகிறார்கள்.

போங்கள் அக்கா. கைப்பக்குவம் உங்களுடையது. அளவு எழுதின தாள் மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

பர்கூர் (கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிறேன்): இது என்ன நியாயம் சார்? கலவையைக் கற்றுக்கொடுத்தது நாங்கள், காசு போட்டுப் பழத்தைக் கெடுத்துக் கற்றது நாங்கள்!

சரி, நியாயமான கோபம்தான். தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை, ஒப்பந்தமும் நம்பிக்கை மீறலும்தான் வழி. கோர்ட்டில் முதலில் கேட்பார்கள்: அதை நீங்கள் ரகசியமாக வைத்திருந்தீர்களா? உங்கள் கலவை அளவு எங்கே எழுதியிருக்கிறது?

பர்கூர்: பாய்லர் பக்கத்துப் போர்டில். சாக்பீஸில்.

பழ லாரி டிரைவர் படிக்கிற இடத்திலா?

பர்கூர்: ...இன்றைக்கே அழிக்கச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம் அக்கா: அந்தப் போர்டு அளவில் கலந்தால் மழைக்கால லாட்டுக்குப் புளிக்கும் சார். மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் கூட்டுவோம் குறைப்போம்.

பார்த்தீர்களா, அந்த மூக்குக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

மத்திகிரி: பென்டிரைவ் வேண்டாம், சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளலாமா?

பென்டிரைவாவது வீட்டில் தொலையும். ஜிமெயில் தேதி நேரத்தோடு சாட்சி சொல்லும். கூடாது.

தர்மபுரி: சார், மொபைலில் ஃபோட்டோ எடுத்தால்?

மேலே சொன்ன பதில்களையே திரும்பப் படியுங்கள்.